செல்போனில் இருக்கும் கணக்கு கோர்ட்டில் ஏறுமா?

பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி வட்டாரத்தில் ஒரு லேத்து, இரண்டு டிரில்லிங் மெஷின், நாலைந்து ஆட்கள் என்று பட்டறை போட்டுப் பிழைக்கும் தமிழர்கள் பலர் உண்டு. அப்படி ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஊர் தென்காசிப் பக்கம் என்றும் இருக்கட்டும். மோட்டார் கம்பெனிக்கு உதிரி பாகம் சப்ளை செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனிக்கு இவர் புஷ் கடைந்து கொடுக்கிறார். டிராயிங் வாட்ஸ்அப்பில் வருகிறது. விலை இ-மெயிலில் பேசப்படுகிறது. சரக்கு கேட்டைத் தாண்டி உள்ளே போனதும், எத்தனை உருப்படி வந்தது, எத்தனை தேறியது, எத்தனை கழிந்தது என்பதெல்லாம் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. சப்ளை செய்கிறவர்களுக்கென்று கம்பெனி ஒரு கணக்குப் பக்கம் வைத்து ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் தன் கணக்கு தெரியும்.

பாக்கி 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் நிற்கிறது. கேட்கிறார். இன்று நாளை என்கிறார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறார். மறுநாள் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. பதில் நோட்டீஸில், சரக்கில் பாதி அளவு பிசகி வந்ததாகவும் அதை அப்போதே கம்ப்யூட்டரில் பதிந்து தெரிவித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறது. அப்போதே என்றால் எப்போது? அந்தத் தேதி இருக்கும் பெட்டியின் சாவி எதிராளியின் கையில் இருக்கிறது.

இது ஒருவர் பாடு அல்ல. வியாபாரம் எல்லாம் கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் போன பிறகு, தகராறு என்று வந்தால் தஸ்தாவேஜு யார் கையில் இருக்கிறது, அதை எப்படிக் கோர்ட்டில் கொண்டுவரச் செய்வது, தன் கையில் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விகளே பல சிவில் வழக்குகளின் முடிவைத் தீர்மானிக்கின்றன. வெளிநாட்டில் இதற்கென்று தனிப் பிரிவே வைத்து வக்கீல்கள் தொழில் நடத்துகிறார்கள். இங்கே பட்டறைக்காரருக்கு அப்படி ஒரு சங்கதி இருப்பதே வழக்குப் போட்ட பிறகுதான் தெரிய வருகிறது.

முன்பெல்லாம் காகிதம் இரண்டாகக் கிழிந்தது. ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு மூட்டையைப் போட்டால் ரசீது ஒருவர் கையில், அடிக்கட்டை ஆபீசில். டெலிவரி செலானில் கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதுவார்கள். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் ரப்பர் ஸ்டாம்பு குத்தி ஒன்றைத் திருப்பித் தருவான். எழுத்து கோணலாக இருக்கலாம், கடுதாசி எண்ணெய் பட்டு மங்கியிருக்கலாம், ஆனால் இரண்டு பேர் கையிலும் ஒன்று இருந்தது. ஒருவர் ஒளித்தால் மற்றவர் காட்டினார். இப்போது வேலை சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் அடிக்கட்டையும் ரசீதும் ஒரே ஆள் வீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சட்டத்தில் வழியே இல்லையா என்றால், உண்டு. 1908-ம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 11-வது ஆர்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. எதிர்க்கட்சியிடம் என்னென்ன தஸ்தாவேஜுகள் உள்ளன என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துச் சொல்லவைக்கலாம். எழுத்தில் கேள்விகள் கொடுத்துப் பதில் வாங்கலாம். பிராதிலோ எதிருரையிலோ குறிப்பிட்ட எந்தத் தஸ்தாவேஜையும் பார்வைக்குக் கேட்கலாம். கோர்ட்டு உத்தரவிட்டும் காட்ட மறுத்தால், வாதியாக இருந்தால் வழக்கையே தள்ளலாம். பிரதிவாதியாக இருந்தால் அவர் எதிர்வாதத்தை அடித்துவிடலாம். நூற்றாண்டு தாண்டிய ஆயுதம் இது. கீழ்க்கோர்ட்டுகளில் பல வக்கீல்கள் இதை உறையிலிருந்து எடுப்பதே கிடையாது. வாய்தா வாங்குவதில் காட்டும் சுறுசுறுப்பை இதில் காட்டினால் பாதி வழக்குகள் சீக்கிரம் பைசலாகும்.

கல்யாணுக்குப் பக்கத்தில் மலை மேல் இருக்கும் ஹாஜி மலங் தர்காவைப் பம்பாய்ப் பக்கத்துத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். அந்தத் தர்காவின் சொத்து சம்பந்தமான வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1968-ல் முடிந்தது. நிலம் யாருடையது என்ற தகராறு. வருமானக் கணக்கு ஒரு தரப்பின் கையில் இருந்தது. அவர் அதைக் கோர்ட்டில் வைக்கவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு என் மேல் இல்லையே என்று சொல்லித் தப்ப முடியாது, விவகாரத்துக்கு வெளிச்சம் தரும் தஸ்தாவேஜைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாமல் இருந்தால் அது அவருக்கு விரோதமாகவே இருக்கும் என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அன்று அது கணக்குப் புத்தகம். இன்று அதே வார்த்தை கம்பெனியின் சர்வருக்கும் பொருந்தும். பொருந்தாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

காட்டச் சொல்வது ஒரு பாதி. காட்டியது உண்மைதானா என்பது மறு பாதி. இங்கேதான் சிக்கல் அதிகம்.

2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது, 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த நகலைக் கோர்ட்டில் வைக்க வேண்டுமானால், அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது, இது அதிலிருந்து இப்படி எடுக்கப்பட்டது என்று பொறுப்பானவர் ஒரு சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2014 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கேரளத் தேர்தல் வழக்கில் கடுமையாகச் சொல்லிவிட்டது. ஏறநாடு தொகுதியில் 2011-ல் தோற்றவர், எதிராளியின் பிரசாரப் பாட்டுகளையும் பேச்சுகளையும் சி.டி.யில் கொண்டுவந்தார். சர்டிபிகேட் இல்லை. சி.டி. செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது உண்மையாக இருக்கலாம். கோர்ட்டின் காதில் அது விழவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஜால்னா வழக்கு நம் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தது. சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் தஸ்தாவேஜு எதிராளியிடமோ சர்க்காரிடமோ மாட்டிக்கொண்டவர்களுக்கு அது ஒரு பாடப்புத்தகம் போன்றது.

2014 சட்டசபைத் தேர்தல். ஜால்னா தொகுதியில் சிவசேனையின் அர்ஜுன் கோட்கர் 296 ஓட்டு வித்தியாசத்தில் காங்கிரசின் கைலாஸ் கோரண்டியாலை வென்றார். தோற்றவர் தரப்பு, கோட்கரின் மனு 2014 செப்டம்பர் 27-ந் தேதி பிற்பகல் 3 மணிக்கெடு தாண்டிய பிறகே முறைப்படி தாக்கலானது, ஆகவே தேர்தல் செல்லாது என்று வழக்குப் போட்டது. தேர்தல் அதிகாரியின் அறைக்கு உள்ளேயும் வெளியேயும் கேமரா இருந்தது. அதில் எல்லாம் பதிவாகியிருந்தது. கோர்ட்டு உத்தரவின் பேரில் பதிவு வி.சி.டி.யாக வந்தது. சர்டிபிகேட்டு மட்டும் வரவில்லை. மனுதாரர்கள் எழுதிக் கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். அதிகாரிகள் கொடுக்கவே இல்லை. கேமரா சர்க்காருடையது, கம்ப்யூட்டர் சர்க்காருடையது, கையெழுத்துப் போட வேண்டியவரும் சர்க்கார் ஆள். வழக்காடுகிறவர் அவர் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைக்க முடியுமா?

பம்பாய் ஐகோர்ட்டின் அவுரங்காபாத் பெஞ்சு, தேர்தல் அதிகாரியைக் கூண்டில் ஏற்றி விசாரித்ததில் அவர் சொன்ன வாக்குமூலத்தையே போதுமானதாக எடுத்துக்கொண்டு, 2017 நவம்பரில் தேர்தலை ரத்து செய்தது. அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2020 ஜூலை 14-ந் தேதி நீதிபதிகள் ரோகின்டன் நாரிமன், ரவீந்திர பட், வெ. ராமசுப்பிரமணியன் ஆகிய மூவரும் தீர்ப்புக் கூறினார்கள். மூன்றாமவர் முன்பு சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக இருந்தவர். மற்ற நாடுகளில் இந்தச் சட்டம் எப்படி வளர்ந்தது என்பதையும் ஆராய்ந்து அவர் தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். நகலாக வருவதற்குச் சர்டிபிகேட் கட்டாயம், வாய்மொழிச் சாட்சியம் அதற்கு ஈடாகாது என்று 2014-ம் ஆண்டுத் தீர்ப்பை அவர்கள் உறுதி செய்தார்கள். ஆனால் முடியாத காரியத்தைச் செய் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. தன்னால் ஆனதை எல்லாம் செய்து, எழுதிக் கேட்டு, கோர்ட்டையும் நாடிய பிறகும் மூன்றாம் ஆள் சர்டிபிகேட்டு தர மறுத்தால், அந்தக் குறைக்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்றார்கள். ஐகோர்ட்டின் முடிவு நிலைத்தது.

இந்தத் தீர்ப்பு வந்தபோது அந்தச் சட்டசபையின் காலமே முடிந்து, 2019-ல் அடுத்த தேர்தலும் நடந்து, அதில் கோரண்டியால் ஜெயித்தும் ஆகிவிட்டது. 3 மணியா, 3 மணிக்கு மேலா என்பதைத் தீர்க்க ஆறு வருஷம்! எம்.எல்.ஏ. பதவிக்குப் போட்டியிட்டவர்களே இப்படி இழுபட்டார்கள் என்றால் பட்டறைக்காரர் எம்மட்டு?

இருந்தாலும் அந்தத் தீர்ப்பில் சாமானியனுக்கு ஆகிற சங்கதிகள் சில இருக்கின்றன. கேட்டதற்கு அத்தாட்சி வேண்டும். வாயால் கேட்டால் போதாது. ரிஜிஸ்டர் தபாலில் கேட்டிருக்க வேண்டும், கொடுக்காதபோது கோர்ட்டில் மனுப் போட்டிருக்க வேண்டும். விசாரணை முடிவதற்குள் சர்டிபிகேட்டை வரவழைக்கும்படி கோர்ட்டே உத்தரவிடலாம். இன்னொன்று, செல்போனோ லாப்டாப்போ தன்னுடையதாக இருந்தால், அதன் சொந்தக்காரர் அதையே எடுத்துக்கொண்டு கூண்டில் ஏறி, இது என்னுடையது, செய்தி இதில்தான் முதலில் பதிவானது என்று நிரூபித்தால் அது மூல தஸ்தாவேஜு. அதற்குச் சர்டிபிகேட் தேவையில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லியது. நம்மவர்கள் செய்வது என்ன? புதுப் போன் வாங்கியதும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, வழக்குக்கு வரும்போது நாலு ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் போட்டு வக்கீலிடம் நீட்டுகிறார்கள். கிணற்றை விற்றுவிட்டு வாளியைக் காட்டுவது போலத்தான்.

2024 ஜூலை 1-ந் தேதி முதல் பழைய சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாட்சிய அதினியம் நடப்புக்கு வந்துவிட்டது. 65-பி இருந்த இடத்தில் 63-வது பிரிவு இருக்கிறது. சர்டிபிகேட்டுக்கு இப்போது சட்டத்திலேயே அச்சடித்த மாதிரிப் படிவம் உண்டு. அதில் இரண்டு பாகம். முதல் பாகத்தில் தஸ்தாவேஜைக் கொண்டுவருபவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பாகத்தில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும். இரண்டிலும் 'ஹாஷ்' எண் என்று ஒன்றை எழுத வேண்டும்.

இந்த ஹாஷ் எண் என்ன என்று கேட்டுப் பலர் மிரளுகிறார்கள். மிரள வேண்டியதில்லை. கூட்ஸ் வாகனில் சரக்கை ஏற்றிக் கதவைச் சாத்தினதும் சீல் அடித்து, சீல் நம்பரைக் காகிதத்தில் எழுதி அனுப்புவது ரயில்வேயில் வழக்கம். போய்ச் சேரும் ஸ்டேஷனில் நம்பர் ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் வழியில் யாரும் திறக்கவில்லை. ஹாஷ் எண்ணும் அந்த மாதிரி ஒரு சீல் நம்பர்தான். ஒரு வித்தியாசம், இந்த நம்பரைச் சரக்கே போட்டுக்கொள்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள ஒரு ஃபைலை ஒரு கணக்கு வழியாக விட்டால் நீண்ட எண் ஒன்று வரும். ஷா-256 என்ற முறையில் 64 எழுத்தும் இலக்கமுமாக வரும். அந்த ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். ஆகவே இன்று எடுத்த எண்ணும் நாளை கோர்ட்டில் எடுக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். இதிலே கவனிக்க வேண்டியது, வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவைச் சாதாரணமாக இன்னொருவருக்கு அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேருகிறது. பார்வைக்கு அதே படம். ஆனால் சீல் நம்பர் வேறு. வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இது நல்ல ஏற்பாடு. குறை எங்கே என்றால் அந்த இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. நிபுணர் என்று சட்டம் சொல்லிவிட்டது. யார் அந்த நிபுணர், என்ன படித்தவர், எங்கே கிடைப்பார், எவ்வளவு கூலி கேட்கலாம் என்று அந்தப் பிரிவில் இல்லை. பெரிய கம்பெனிக்குக் கவலை இல்லை. கம்ப்யூட்டர் இலாகா என்று மாடி முழுவதும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் எங்கே போவார்? பிம்ப்ரி கேம்ப்பில் செல்போன் ரிப்பேர் செய்யும் பையனிடம் கையெழுத்து வாங்கினால் கோர்ட்டு ஏற்குமா? நிபுணருக்குக் கொடுக்கும் கூலி பாக்கித் தொகையில் பாதியைத் தின்றுவிட்டால் வழக்குப் போட்டு என்ன பயன்? நீதி பெறும் வாசலில் சுங்கச்சாவடி வைப்பது என்பது இதுதான்.

வியாபார வழக்குகளில் கெடுபிடி இன்னும் அதிகம். 2015-ல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளுக்கே அது என்றிருந்தது. 2018-ல் அந்த வரம்பை 3 லட்சமாக இறக்கிவிட்டார்கள். ஆகவே மேலே சொன்ன 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்ப் பாக்கியும் அதற்குள் வருகிறது. அந்த வழக்குகளுக்கு 11-வது ஆர்டரையே புதிதாக எழுதியிருக்கிறார்கள். தன்னிடம் உள்ள சம்பந்தப்பட்ட தஸ்தாவேஜுகள் அனைத்தையும், தனக்கு அனுகூலமானாலும் பிரதிகூலமானாலும், பிராதுடனேயே பட்டியல் போட்டுத் தாக்கல் செய்து சத்தியம் பண்ண வேண்டும். விட்டுப்போனதைப் பிறகு கோர்ட்டின் அனுமதி இல்லாமல் நுழைக்க முடியாது. இ-மெயில், வாட்ஸ்அப் முதலியவற்றுக்குத் தனி உறுதிமொழி வேண்டும். யார் யாருக்கு அனுப்பியது, எந்தத் தேதி எந்த நேரம், எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது, அது யாருக்குச் சொந்தம், யார் யார் அதைத் திறக்க முடியும், எப்போது பிரிண்ட் எடுத்தது என்றெல்லாம் எழுத வேண்டும். பட்டறையில் ஒரே இ-மெயிலை முதலாளியும் மகனும் பகுதிநேரக் கணக்குப்பிள்ளையும் திறக்கிறார்கள். பாஸ்வேர்டு சுவரில் சாக்கட்டியால் எழுதியிருக்கும். குறுக்கு விசாரணையில் எதிர் வக்கீலுக்கு அதுவே போதும்.

எதிர்க்கட்சிக்கும் இதே கடமை உண்டு என்பதுதான் இதில் உள்ள ஆறுதல். கம்பெனியும் தன்னிடம் உள்ளதை எல்லாம் பட்டியல் போட்டாக வேண்டும். அங்கேதான் அந்தத் தேதி வெளியே வரவேண்டும். தேதிக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று கேட்கலாம். 2006-ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளைக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் டெலிவரியான நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. ஆகவே கழிவு என்ற பதிவு 12-வது நாளில் விழுந்ததா, வக்கீல் நோட்டீஸ் கிடைத்த பிறகு 120-வது நாளில் விழுந்ததா என்பதிலேதான் முழு வழக்கும் நிற்கிறது. காகிதத்தில் பின்தேதி போட்டால் மை காட்டிக்கொடுக்கும் என்பார்கள். கம்ப்யூட்டரில் யார் எப்போது எந்தப் பதிவைத் தொட்டார்கள் என்ற தடம் உள்ளுக்குள் இருக்கும். அந்தத் தடத்தைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த வக்கீல் வேண்டும். கணக்கின் பிரிண்ட் போதும் என்று அவர் திருப்திப்பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

பெரிய இடத்தின் கையில் தடம் இருந்தும் சின்ன ஆள் ஜெயித்ததே இல்லையா? உண்டு. முதல் வழி தமிழ்நாட்டில் திறந்தது. தூத்துக்குடியில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் கணக்கு வைத்திருந்த, வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவரின் பணம் போலி இ-மெயில் ஒன்றின் மூலம் பறிபோனது. பணம் போய்ச் சேர்ந்தது பம்பாயில் இருந்த ஒரு கணக்குக்கு. அவர் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி விசாரணை அதிகாரியாக இருந்த மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரிடம் முறையிட்டார். 2010 ஏப்ரலில் 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி வங்கிக்கு உத்தரவாயிற்று. 2013-ல் இதே மாதிரி புனேயில் பூனா ஆட்டோ ஆன்சிலரீஸ் என்ற கம்பெனியின் கணக்கிலிருந்து 80 லட்சத்துக்கு மேல் போனது. மகாராஷ்டிரத் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் ராஜேஷ் அகர்வால், போலி மெயிலுக்குப் பதில் கொடுத்த கம்பெனி மேலும் தப்பு உண்டு என்று சொல்லிவிட்டு, மோசடிக் கணக்குகள் திறக்கப்பட்டதில் கவனக்குறைவாக இருந்ததற்காகப் பஞ்சாப் நேஷனல் வங்கி 45 லட்சம் கொடுக்க வேண்டும் என்றார். இரண்டிலும் உள்விவரம் எல்லாம் வங்கிகளின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டதால் வெளியே வந்தது.

அமெரிக்காவில் ஒரு படி மேலே போனார்கள். யு.பி.எஸ். என்ற பெரிய வங்கி மீது அங்கே வேலை பார்த்த ஒரு பெண்மணி, பாரபட்சம் காட்டியதாக வழக்குப் போட்டார். சம்பந்தப்பட்ட இ-மெயில்கள் சிலவற்றை வங்கி ஆட்கள் அழித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் 2003, 2004-ல் அடுத்தடுத்துப் பல உத்தரவுகள் போட்டார். வழக்கு வரும் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்தே எதையும் அழிக்கக் கூடாது, அதைக் கவனிப்பது கம்பெனி வக்கீலின் பொறுப்பும் ஆகும், அழித்தது தங்களுக்கு விரோதமாகவே இருந்திருக்கும் என்று ஜூரிகள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். 2005-ல் ஜூரிகள் 2 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, 2006-ல், அந்த நாட்டின் சிவில் நடைமுறை விதிகளில் கம்ப்யூட்டர்த் தஸ்தாவேஜுக்கென்று திருத்தம் வந்தது.

இந்தியாவில் அழிக்காதே என்று முதல் நாளே சொல்லும் தனி விதி சிவில் நடைமுறைச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் கோர்ட்டு விரும்பினால் வழக்குச் சொத்தைப் பாதுகாக்கவும், கமிஷனர் ஒருவரை அனுப்பிப் பரிசோதிக்கவும் உத்தரவு போடலாம். ஜால்னா தீர்ப்பிலேயே, கம்ப்யூட்டர்ச் சாட்சியங்களைப் பாதுகாக்க விதிகள் வேண்டும் என்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். டெலிபோன் கம்பெனிகள் பேச்சு விவரங்களை இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2021-ல் லைசென்ஸ் நிபந்தனை மாறியது. கேட் கேமராவுக்கு அப்படி ஆயுசு இல்லை. சில வாரங்களில் பழையதன் மேலேயே புதிது பதிந்துவிடுகிறது. பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது என்று பட்டறைக்காரர் நிம்மதியாக இருப்பார். சரக்கு உள்ளே போனதைக் காட்டும் கேமராப் படம் அதற்கு வெகு காலம் முன்பே மறைந்திருக்கும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சங்கடமும் இதில் உண்டு. மகாராஷ்டிரத்தில் கீழ்க்கோர்ட்டுகளின் பாஷை மராத்தி. நம் ஆட்களின் வாட்ஸ்அப்பில் பாதி தமிழ், அதிலும் பாதி இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ், மீதி பேசி அனுப்பிய குரல். தமிழ் சூப்பர்வைசருக்கு, 'அண்ணே, லோடு நாளைக்குத்தான்' என்று அனுப்ப, அவர் 'சரி' என்கிறார். அந்தச் 'சரி' சம்மதமா, வெறும் 'ஊம்' கொட்டியதா? மொழிபெயர்ப்பவர் எழுதுவதைப் பொறுத்து வழக்கு சாயும். சிரிக்கிற விஷயம் அல்ல. கனடாவில் சாஸ்கச்சேவான் மாகாணத்தில் ஒரு விவசாயி, தானிய வியாபாரி அனுப்பிய ஒப்பந்தப் படத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டார். கிடைத்தது என்று சொன்னேன், அவ்வளவுதான் என்றார். ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று 2023-ல் கோர்ட்டு முடிவு செய்து 82 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. இங்கே பம்பாய் ஐகோர்ட்டில் 2018-ல், நோட்டீசை வாங்காமல் கண்ணில் படாமல் திரிந்த ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் போயிற்று. கிடைத்தது மட்டுமல்ல, திறந்தும் பார்த்திருக்கிறார் என்பதற்கு நீலக் குறியே அத்தாட்சி என்று நீதிபதி கௌதம் படேல் ஏற்றுக்கொண்டார். ஆக, விரல் நுனியில் போவதெல்லாம் கையெழுத்துதான்.

பெரிய கம்பெனிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. லட்சக்கணக்கான மெயில்களை ஆயுள் முழுக்க யாரும் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு சில்லறை வழக்குக்கும் சர்வரைத் திறந்து காட்டு என்றால் தொழில் ரகசியம் போய்விடும். அமெரிக்காவில் தேடிக் கொடுக்கும் செலவு வழக்குத் தொகையையே தாண்டிப் போவதும் உண்டு. இதே கத்தி சின்னவர் மேலும் பாயும். உன் செல்போனைக் கொண்டுவந்து வை என்று எதிராளி கேட்டால், வீட்டுச் சண்டை, சீட்டுக் கணக்கு, மகளின் கல்யாணப் பேச்சு எல்லாம் அதில் கிடக்கிறது. ஆகவே கேட்பது குறிப்பாக இருக்க வேண்டும். இந்த ஆர்டர், இந்த நம்பர், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கேட்டால் கொடுக்கிறவருக்கும் கஷ்டம் இல்லை, மறுப்பதற்கும் சாக்கு இல்லை. வலை போட்டு அரிக்க வருகிறவரைக் கோர்ட்டு திருப்பி அனுப்பலாம். தூண்டில் ஒன்றோடு வருகிறவரை அனுப்பக் கூடாது.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் காரியமல்ல. வழக்கு முதல் முறை அழைக்கப்படும் நாளிலேயே, இரு தரப்பும் சம்பந்தப்பட்ட பதிவுகளை அழிக்கக் கூடாது, சப்ளையரின் பாஸ்வேர்டைப் பழைய கணக்கைப் பார்க்கிற அளவுக்காவது முடக்கக் கூடாது என்று நீதிபதி இரண்டு வரி எழுதலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. கோர்ட்டுகளில் இப்போது இ-சேவா கேந்திரம் என்று ஜன்னல் வைத்து மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். அதே ஜன்னலில் ஹாஷ் எண் எடுத்துக் கொடுக்கவும், இரண்டாம் பாகத்தில் கையெழுத்திடவும் ஒரு பயிற்சி பெற்ற ஆளை நியமித்துக் குறைந்த கட்டணம் வைக்கலாம். ஐகோர்ட்டும் மாநில சர்க்காரும் மனம் வைத்தால் ஆகும் காரியம். பிம்ப்ரியிலிருந்து சிவாஜிநகருக்கு லோக்கலும் மெட்ரோவும் ஓடுகின்றன. அங்கே போய் நிபுணரைத் தேடி அலைகிற நாட்களுக்கு யார் கூலி கொடுப்பது?

நம் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். தெரிந்த வக்கீல் ஒருவரையும் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்து, பழைய போனை எப்படி வைத்துக்கொள்வது, மெயிலை எப்படித் தனியே எடுத்து வைப்பது, சர்டிபிகேட் படிவத்தின் முதல் பாகத்தை எப்படி நிரப்புவது என்று காட்டினால் கூட்டம் வரும். அதற்குள் பட்டறைக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கம்பெனியின் கணக்குப் பக்கத்தை மாதம் ஒரு முறை, பாஸ்வேர்டு வேலை செய்யும்போதே, தேதி தெரியும்படி இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். சரக்கு இறக்கிய அன்றே, இத்தனை உருப்படி கொடுத்தேன், செலான் நம்பர் இன்னது என்று கம்பெனியின் மெயிலுக்கு இரண்டு வரி அனுப்பிவிடலாம். பட்டறையில் இங்கிலீஷ் தெரிந்தவர் இல்லை என்றால் மராத்தியில் எழுதினாலும் செல்லும்.

வாட்ச்மேனிடம் செலானில் ரப்பர் ஸ்டாம்பு குத்தி வாங்குவதையும் நிறுத்த வேண்டாம்.